ஈயச் சாம்பல்

1

நகராண்மைக் கழகச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், சுப்பையா அண்ணனின் மனைவி ராக்கம்மா, அவர்களுடைய ஐந்து வயது மகள் கமலம். இல்லாதவர் சுப்பையா அண்ணன். லாரியை எடுத்துக்கொண்டு ஈப்போ பக்கம் போயிருந்தார். வீடு அவர் வாடகைக்குப் பிடித்தது. நான் முன்னறையில் தங்கிச் சாப்பிடுகிறவன். பின்பக்க வாய்க்காலில் கிடந்த பழைய பேட்டரியும் அவருடையதுதான்.

நான் பினாங்குக்கு வந்து அன்றோடு இரண்டு வருடம். அதற்காகப் பாயசம் வைக்கிறேன் என்று ராக்கம்மா அண்ணி சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனார்.

"தம்பி, உது ஆற்றை பேட்டரி?"

"எங்கள் வீட்டுடையதுதான் சார்."

"அசிட்டை வாய்க்காலுக்கை ஊத்தினது ஆர்? பக்கத்து வீட்டுச் சீனன்ரை தாரா நாலு செத்துக் கிடக்கு."

தாரா என்றால் யாரோ பெண் என்று நினைத்துவிட்டேன். அவர் வாய்க்காலோரம் காட்டிய பிறகுதான் வாத்து என்று விளங்கியது. இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் முக்கால்வாசி நேரம் நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையிலிருந்து ஒரு பாரம் எடுத்தார். இங்கே எதற்கும் ஒரு பாரம் உண்டு. பெயர், தகப்பன் பெயர், தொழில், எந்தக் கப்பலில் வந்தீர், வீட்டில் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை. கடைசியில் ஒரு கேள்வி: இந்த வீட்டில் ஈயத்தை உடைப்பதோ உருக்குவதோ உண்டா?

"இல்லை சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர்க்கதை சொல்லும் ஆசையில், "எங்கள் ஊரில் உருக்குவார்கள். மீன்வலை அடியில் கட்டும் குண்டு செய்ய. என் அக்கா வீட்டிலேயே உண்டு" என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

"பிள்ளையள் இருக்கிற வீட்டிலையோ?"

"ஆமாம் சார்."

"ஈறைப் பாத்தனீரோ? பல்லுக்குக் கிட்ட, ஈறிலை நீலமா ஒரு கோடு விழும். வயித்துக்குத்து வரும். முகம் வெளிறும். கை மணிக்கட்டோடை தொங்கும். சின்னப் பிள்ளையள் எண்டால் வலிப்பு. கதைச்சுக்கொண்டிருந்த பிள்ளை கதையாமல் விட்டிடும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஈயத்தை விடச் சாம்பல்தான் கூடாது தம்பி. உருக்கேக்கை மேலை படியுமே, அந்தச் சாம்பல்."

அண்ணி பாயசம் கொண்டுவந்து வைத்தார். பித்தளை டம்ளர், நன்றாகத் தேய்த்தது. அதை என்னால் தொட முடியவில்லை.

2

இராயபுரத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா துறைமுகத்தில் கரி சுமந்தவர். அம்மாவும் அவரும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தவர்கள் அக்கா தனபாக்கியமும் அவள் புருஷன் துலுக்காணம் மாமாவும். மாமாவுக்குக் கட்டுமரமும் இரண்டு வலையும் உண்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது குப்பம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்.

ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மூர் மார்க்கெட்டில் ஒரு ரேடியோ வாங்கினேன். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட சாமான். டிஸ்போசல் சரக்கு என்பார்கள். இங்கிலீஷ் செய்தி கேட்டால் இங்கிலீஷ் வளரும் என்று எண்ணம். வீட்டில் மின்சாரம் கிடையாது. ஆகவே கூடவே ஒரு பேட்டரியும் வந்தது. கறுப்புப் பெட்டி, உள்ளே ஈயத் தகடும் ஆசிட்டும். நனைந்த அரிசி மூட்டை மாதிரி கனம்.

பத்து நாளைக்கு ஒரு முறை அதை வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். முதலில் ரிக்‌ஷாவில் அனுப்பினேன். ஆசிட் சிந்தி சீட்டு வெந்துபோனதிலிருந்து எந்த ரிக்‌ஷாக்காரரும் ஏற்றவில்லை. பிறகு தோளில் வைத்து நானே தூக்கிப் போனேன்.

ஒரு நாள் போகும் வழியில் பாலத்தடியில் எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தா எதிரில் வந்தார். தோளில் பேட்டரி. சட்டையில் ஆசிட் பட்ட ஓட்டைகள்.

"என்னய்யா," என்றார், "அப்பன் தொழில் இன்னும் விட்டுப் போகலையா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

கொஞ்ச நாளில் பேட்டரி சார்ஜைப் பிடிக்காமல் போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போகாமல், கைவீசிக்கொண்டு போய்ப் பாயிடம் கேட்டேன்.

"அது மௌத்தா பூட்ச்சி தம்பி. மில்ட்ரில எத்தினி வருசம் ஓட்ச்சதோ," என்றார் பாய். "செத்தத வூட்ல வெச்சிக்காத. ஒடைக்காத, ஆசிட்ட ஊத்தாத. அப்டியே தூக்கியாந்து என்னாண்ட குட்த்துடு. ஊருக்கு வெளிய உருக்கறவங்க கீறாங்க, வண்டில போட்டு அனுப்பிருவேன். கொயந்த கீற வூடு. ஜல்தியா கொண்டாந்துரு."

"நாளைக்கே கொண்டுவரேன் பாய்."

நாளைக்குப் பாலத்தடியைக் கடக்க வேண்டுமே என்று தோன்றியது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் பேட்டரியை வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

3

அதை முதலில் கவனித்தவர் மாமா.

"இன்னா மச்சான், இது சொம்மாவா கெடக்குது?"

"செத்துடுச்சி மாமா."

"உள்ள ஈயம் கீதாமே?"

"கீது."

"வலைக்குக் குண்டு வாங்கறதுக்குள்ள தாவு தீந்து பூடுது. யுத்தத்துல ஏறின வெல இன்னும் எறங்கல." பேட்டரியைச் சுற்றி வந்து காலால் தட்டிப் பார்த்தார். "உனுக்கு இது வேணுமா?"

அப்போது நான் பாய் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். மாமாவே தலையில் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டை போய் வந்திருப்பார். அவருக்கு எந்தப் பாலத்தடியிலும் வெட்கம் கிடையாது. ஆனால் ஏன் நீ கொண்டுபோகவில்லை என்று கேட்பாரே. கரி சுமந்தவர் மகன், கனமான பெட்டியைத் தூக்க வெட்கப்பட்டான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"எடுத்துக்கோ மாமா. உனுக்கோசரம்தான் வெச்சிருந்தேன்."

இதுதான் நான் சொன்னது. குப்பையை நன்கொடையாக்கிவிட்டேன். மாமா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அக்கா அன்று தெருக்குழாயில் நின்ற எல்லாரிடமும், "எந் தம்பி குட்த்தான்" என்று சொன்னாள்.

மாமா ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் பெட்டியைச் சம்மட்டியால் உடைத்தார். அக்கா கொல்லையில் மூன்று கல் வைத்து, பழைய இரும்புச் சட்டியில் தகடுகளைப் போட்டு உருக்கினாள். களிமண் அச்சில் ஊற்றிக் குண்டு எடுத்தார்கள். கடையில் வாங்குவதைவிட நன்றாக வந்தது என்று மற்ற கட்டுமரக்காரர்களும் கேட்டார்கள். மாமா அங்கே இங்கே செத்த பேட்டரிகளைத் தேடிக் கொண்டுவந்தார். வாரம் இரண்டு முறை கொல்லையில் அடுப்பு எரிந்தது.

உருகும்போது மேலே சாம்பல் திரளும். மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். அதை அகப்பையால் வழித்து ஓரமாகக் கொட்டுவாள். எங்கள் பக்கம் சாம்பலை யாரும் வீணாக்குவதில்லை. அக்கா அதைச் சலித்து ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்து வைத்தாள், பாத்திரம் தேய்க்க.

"தம்பி, இங்க வந்து பாரேன். இந்தச் சாம்பல்ல தேச்சா குண்டான்ல மூஞ்சி தெரியிது!"

பார்த்தேன். என் முகம் தெரிந்தது.

"கிளப்புக் கடைச் சொம்பு மாதிரி கீதே அக்கா" என்று சொல்லி, அந்தக் குண்டானில் வடித்த சோற்றைத்தான் சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஈயத்தைப் பற்றிப் பாடம் இருந்தது. அது விஷம் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அந்த வரியை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பாடத்தில் இருந்த ஈயமும் எங்கள் கொல்லையில் கிடந்த ஈயமும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. மார்க் வாங்கியதோடு அந்த வரியின் வேலை முடிந்துவிட்டது.

4

அக்காவின் மகள் அஞ்சலைக்கு அப்போது இரண்டு வயது முடியப்போகிறது. கொல்லையில்தான் விளையாட்டு. விரலால் மண்ணைத் தொட்டு நக்குவாள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நன்றாகப் பேசுவாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அவளும் வாயைக் குவித்து ஊதிவிட்டு, "கப்பா பூச்சி" என்பாள்; கப்பல் போய்விட்டதாம். மாமா கடலுக்குப் புறப்பட்டால், "நைனா, மீனு பெர்சு" என்று கையை விரித்துக் காட்டுவாள்.

மார்கழியில் அவள் சாப்பாடு குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுவாள். ஒரு நாள் அழும்போது பார்த்தேன், ஈறில் பல் ஓரமாக ஊதா நிறத்தில் ஒரு கோடு.

"ஏய், நாவப்பயம் எங்க பொறுக்கித் தின்ன?" என்று அதட்டினேன். அவள் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

மார்கழியில் ஏது நாவல்பழம்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பூச்சி என்று பேதி மருந்து கொடுத்தார்கள். அக்கா தர்காவுக்குத் தூக்கிப் போய் மந்திரித்து ஊதி, கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். யார் கண்ணோ பட்டுவிட்டது என்றாள். யார் யார் கண் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். அதில் என் பெயர் இல்லை.

ஒரு நண்பகல் வலிப்பு வந்தது. அது நின்றபின் மூன்று நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது வலக்கை மணிக்கட்டோடு தொங்கியது. பேச்சு இல்லை. அம்மா, நைனா, கப்பல், எதுவும் இல்லை. ஊதுவதும் இல்லை.

அதற்கடுத்த வருடம் மாசியில் எனக்குப் பினாங்கு வேலை வந்தது. ஆபீசில் எல்லாரும் பாராட்டினார்கள். பாலத்தடியில் சிரித்த பெரிய குமாஸ்தா மாலை போட்டார். நான் கழுத்தை நீட்டினேன்.

5

இன்ஸ்பெக்டர் போனபிறகு நகராண்மைக் கழகச் சீட்டு ஒன்று கையில் இருந்தது. பேட்டரியை உடைக்காமல் அவர்களுடைய கிடங்கில் ஒப்படைத்து முத்திரை வாங்கிவர வேண்டும். சுப்பையா அண்ணன் வரும்வரை காத்திருக்கலாம் என்றார் அண்ணி. நான் சாக்கைத் தோளில் போட்டு அதன்மேல் பேட்டரியை வைத்துக் கடைத்தெரு வழியாகவே தூக்கிப் போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதனால் சுமந்தேன். இதைத் திருந்தியவன் செய்கையாக நினைத்துவிட வேண்டாம்.

அக்காவிடமிருந்து போன மாதம்தான் கடிதம் வந்திருந்தது. இரண்டாவதாகப் பிறந்த பையனுக்கு எட்டு மாதம், தவழ்கிறான், கொல்லைக்கு ஓடப் பார்க்கிறான் என்று. குண்டு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று.

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மூன்று வாரம் எழுதவில்லை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதத்தைத் தெருமுனைப் பெட்டிக்கடை நாயக்கர்தான் படிப்பார். அவருக்குத் தணிந்த குரலில் படிக்க வராது. கடையில் பீடி வாங்க நிற்கிறவர்கள், குழாயடிப் பெண்கள், எல்லாருக்கும் கேட்கும். தாயே பாத்திரத்தில் விஷத்தைத் தேய்த்தாள் என்று அக்கா காதில் அத்தனை பேர் நடுவில் விழ வேண்டுமா? இப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பங்கு வெளியே வருமே என்பதுதான் பயம். இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில் மழையைப் பற்றி. இன்னொன்றில், 'ஈயத்தை வெளியே வைத்து உருக்குவது நல்லது' என்று ஒரு வரி. இரண்டையும் கிழித்தேன்.

ஒரு மாலை சுப்பையா அண்ணன் வாசலில் உட்கார்ந்து கமலத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"இவளப் பாருங்க தம்பி. பக்கத்துல சீனப் பிள்ளைககூடச் சீனம், கடையில மலாய், எங்கிட்ட மட்டும் அரைத் தமிழு. அப்பான்னு கூப்புடுறாளா? 'பாப்பா'ங்குறா! நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போனா எங்காத்தாகிட்ட எந்தப் பாஷையில பேசுவா?"

கமலம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பாப்பா, ச்செரேவெட்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வாயாடி என்று அர்த்தமாம். அவர் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார்.

அஞ்சலைக்கும் அதே ஐந்து வயது. கமலத்துக்கு மூன்று பாஷை. அஞ்சலைக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணன் நீட்டிய வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய் எழுத உட்கார்ந்தேன்.

மாமா பெயருக்கு எழுதினேன். நாயக்கர் உரக்கப் படிக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டேன். குப்பத்தில் வேறு மூன்று வீட்டிலும் இப்போது உருக்குகிறார்கள். அவர்களும் கேட்க வேண்டும். ஈயச் சாம்பல் விஷம். அடுப்பை இன்றே அணையுங்கள். அந்தச் சாம்பல் பட்ட பாத்திரத்தில் ஒரு பருக்கைகூட வேண்டாம். கொல்லை மண்ணை வெட்டி எடுங்கள். மீதித் தகடுகளைக் காதர் பாய் கடையில் கொடுத்துவிடுங்கள். சின்னவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், ஈயம் என்ற வார்த்தையைச் சொல்லுங்கள்; பூச்சி என்று திருப்பி அனுப்ப விடாதீர்கள். அக்கா மேல் தப்பில்லை. பாய் என்னிடம் முன்பே சொன்னார். பாலத்தடி வழியாகத் தூக்கிப் போக வெட்கப்பட்டேன். உங்களுக்காக வைத்திருந்தேன் என்று சொன்னது பொய்.

அந்தக் கடைசி மூன்று வாக்கியத்துக்கு ஒரு முழு ராத்திரி ஆயிற்று.

இந்தக் குறிப்பைச் சென்னையில் யார் வாசிப்பார்களோ தெரியாது. வாசிக்கிறவர்கள் வீட்டில் ஓட்டை விழுந்த ஸ்டவ்வோ கம்பி அறுந்த இஸ்திரிப் பெட்டியோ இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள்; யாருக்கும் கெடுதலில்லை. பேட்டரி மட்டும் அப்படியல்ல. அதை விற்றவனிடமோ சார்ஜ் ஏற்றுகிறவனிடமோ முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். தோளில் தூக்கிப் போவதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

6

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. எழுத்து நாயக்கருடையது, பேச்சு அக்காவுடையது. அவர் ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை.

"தம்பிக்கு. உன் கடுதாசிய நாயக்கரு ரெண்டு வாட்டி பட்ச்சாரு. மொத வாட்டி பாதிலயே உம் மாமா எய்ந்து பூட்டாரு. ரெண்டாவது வாட்டி நான் நின்னு கேட்டேன். எல்லாரும் கீறாங்கோ, உள்ள வந்து கேளுன்னாரு நாயக்கரு. வாணா, இங்கயே படி, எந் தம்பி அப்டித்தான எய்தி கீறான்னேன்.

"சின்னவன ஆஸ்பத்திரில ரெத்தம் எட்த்துப் பாத்தாங்கோ. அவன் ரெத்தத்துலயும் ஈயம் கொஞ்சம் கீதாம். இப்பவே நிறுத்திட்டதால பொய்ச்சிக்குவான்னு டாக்டரு சொன்னாரு. அஞ்சலையயும் பாத்தாரு. இவளுக்கு இனிமே இதான்னு சொல்லிட்டாரு. இத்தினி நாளும் யார் யாரையோ கண்ணு வெச்சாங்கன்னு திட்டினேன். எதுத்த வூட்டுக்காரியாண்ட போய் மன்னிப்பு கேட்டேன்.

"உம் மாமா உம்மேல கோவமா கீறாரா இன்னான்னு எனுக்குத் தெரியல. பேரச் சொல்றதில்ல. சம்மட்டிய எட்த்துகினு போய் மத்த மூணு வூட்டு அடுப்பையும் ஒடச்சிட்டு வந்தாரு. நானும் உன்ன ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு. நீ பாலத்தாண்ட தூக்கிகினு போவ வெக்கமா கீதுன்னு என்னாண்ட சொல்லியிருந்தா நான் தூக்கிகினு போயிருப்பேன்."

அதற்குக் கீழே, நான் கேட்காமலே ஒரு செலவுக் கணக்கு இருந்தது. அக்கா எதையும் விட்டுவைக்கிறவள் அல்ல. குண்டான், சட்டி, தட்டு எல்லாம் கடலில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கியது. கொல்லையில் முழங்கால் ஆழம் மண் வெட்டிய ஆள் கூலி. மண்ணையும் தகட்டையும் பாய் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோன மாட்டு வண்டி. வலைக்குக் கடையில் வாங்கிய குண்டு. ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா, நாலு தடவை. அஞ்சலை பேருக்கு நேரே நாயக்கர் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். அங்கே எழுத அக்கா ஒன்றும் சொல்லவில்லை போலும். மொத்தம் முப்பத்தெட்டு ரூபாய் ஆறணா.